ஒரு வாய்ப் பால்

கப்லெலாச் மேட்டில் தபூதானிக்கு இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு. முதலாவது ‘குடுவைக்காரி’. அதை அவள் முப்பது வருஷம் புகையில் கண் எரியச் சம்பாதித்தாள். இரண்டாவது ‘புருஷன் பாலைக் குடித்தவள்’. அது ஒரே நாளில் வந்தது. வந்த கையோடு முதல் பெயரை ஊர் மறந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் மேட்டு வாய்க்குத் தேயிலை ஆலையின் தகரக் கூரையைப் பிடுங்கி வைத்தாலும் போதாது. எங்களில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பால் எந்த வீட்டிலும் புளிக்கும். அதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. செனெத்வெத் என்கிற காட்டுச் செடியின் குச்சியைக் கங்காக எரித்து, அந்தக் கங்கு முனையால் சுரைக்குடுவையின் உள்வயிற்றைத் தேய்த்துக் கரி பூசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கரி கூடினால் பால் கசக்கும். குறைந்தால் நாலாம் நாள் நாறும். தபூதானியின் குடுவையைச் சாய்த்தால் பால் சாம்பல் நீல நிறத்தில் கட்டியாக இறங்கும். புகை வாசம் முன்னால் வரும், புளிப்பு பின்னால் வரும். கல்யாணப் பேச்சுக்கும், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஊர் திரும்பும் பிள்ளைகளை வரவேற்கவும் அவள் குடுவையைத்தான் தேடி வருவார்கள். கேட்டவுடன் கொடுக்கமாட்டாள். “என் குடுவைக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா?” என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டுதான் கொடுப்பாள். அந்த அலுப்பு பொய் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் புருஷன் மொசோனிக், தேயிலைக் கூடையை ஒரு கையால் தூக்கித் தோளில் வைக்கிற ஆள். நல்ல சாப்பாட்டுக்காரர். மக்காச்சோளக் களியை முஷ்டி அளவுக்கு உருட்டி, கீரையில் ஒரு புரட்டுப் புரட்டி, மெல்லுகிறாரா விழுங்குகிறாரா என்று தெரியாமல் உள்ளே அனுப்புவார். டீயை அடுப்பிலிருந்து இறக்கிய வேகத்தில் குடிப்பார். கொஞ்சம் ஆறிவிட்டால், “இதைக் கன்னுக்குட்டிக்கு ஊத்து” என்பார். எங்கள் மேட்டில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான். நாக்கு சுட்டது என்று சொல்கிறவனுக்கு இங்கே மரியாதை கிடையாது.

ஒரு வருஷம் பெருமழை தொடங்குவதற்கு முன்னால், அந்த மனுஷர் களித் தட்டைப் பார்த்து, “இதுல கொஞ்சம் பால் ஊத்தேன்” என்றார். ஊற்றினாள். அப்புறம் தினமும் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நாளில் கறித்துண்டுகளைப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைத்தார். பிறகு களியும் நின்றது. குடுவை மட்டும் போதும் என்றார்.

தபூதானிக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட “நல்லா இருக்கு” என்று வாய் திறந்து சொல்லாத மனுஷர், இப்போது அவள் கைப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்கிறாரே! ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெண்களிடம் அவள் சொன்னதை நான்கைந்து பேர் இன்றும் சொல்லுவார்கள்.

“எம் புருஷனுக்கு இப்ப களியும் வேணாம், கறியும் வேணாம். எம் பாலு இருந்தா போதும்.”

“வயசான காலத்துல கன்னுக்குட்டி ஆயிட்டாரா?”

“பொறாமைப்படாதீங்கடி. உங்க புருஷனுங்களும் இப்படி ஆகணும்னா கரி பூசக் கத்துக்கோங்க.”

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்படி நாலு மாசம் போனது. மொசோனிக் இடுப்பு பெல்ட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டார். மழை நாளில் எல்லோரும் இளைப்பதுதானே என்று அவள் நினைத்தாள். இரண்டாவது ஓட்டை போட்டபோதுதான் ஆணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன பாக்குற? பாலு குடிக்கிறவன் லேசாத்தான் இருப்பான்” என்றார் அவர்.

மகள் செரோதிச் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு வந்தவள், அப்பா ஒரு மடக்குப் பால் குடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போவதைப் பார்த்தாள். பின்னாலேயே போனாள். அவர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு பாலைத் துப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முதல் வண்டியில் மூவரும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே வெளித் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பாவோ கோப்பையோ இருந்தது. ஏன் என்று தபூதானிக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒருவர் குனிந்து அதில் எச்சில் துப்பினார். சொந்த எச்சில்கூட இறங்காதவர்கள் அவர்கள். பக்கத்தில் இருந்த பெண் அவளைப் பார்த்து, சந்தையில் மாட்டின் வயசு கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரருக்குக் களி நின்னு எத்தனை நாளாச்சு?”

“நிக்கல. அவரு... பாலு குடிக்கிறாரு.”

“எல்லாரும் அப்படித்தாம்மா. முதல்ல களி நிக்கும். அப்புறம் பாலு, பாலுன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பாலும் நின்னு ஒரு வாரமாச்சு.”

தபூதானி நிமிர்ந்தாள். பெஞ்சு முழுக்கப் பார்த்தாள். அத்தனை பேர் வீட்டிலும் ஒரு பெண் குடுவையைச் சாய்த்து ஊற்றியிருக்கிறாள். அதில் எத்தனை பேர் தன்னைப்போல சர்ச் வாசலில் நின்று பெருமையடித்தார்களோ! அவளுக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம்போல இருந்தது. ஆனால் மொசோனிக் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்று. டாக்டர் வஞ்சாலா சுற்றி வளைக்காத மனுஷர். மேஜையில் ஒரு காகிதத்தை வைத்து, கோணல்மாணலாக ஒரு குழாயும் ஒரு பையும் வரைந்தார்.

“ஐயா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அடைப்புக்குள்ள இரும்பு வலைக் குழாய் ஒண்ணு வைக்கலாம். நாளைக்கே பால் குடிப்பீங்க, கஞ்சி குடிப்பீங்க. வீட்டுக்குப் போகலாம். ஆனா நோய் உள்ளயே இருக்கும். சில மாசம். இன்னொண்ணு, அறுக்கணும். வயித்தையும் நெஞ்சையும் திறந்து கெட்ட பாகத்தை எடுத்துட்டு, இரைப்பையை மேல இழுத்து நெஞ்சுக்குள்ள தைக்கணும். இங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல அதுக்குத் தாமதமா வர்றாங்க. நீங்க அந்த எல்லை ஓரத்துல நிக்கிறீங்க. அறுக்கலாம். ஆனா பத்துப் பேரை அறுத்தா ஒருத்தரோ ரெண்டு பேரோ இங்கிருந்து வீட்டுக்கு நடந்து போறதில்ல. போறவங்களுக்கும் திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

மொசோனிக் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“போறவன் களி தின்பானா?”

“தின்பாரு. கொஞ்சம் கொஞ்சமா.”

“அப்ப அறுங்க. எம் பொண்ணோட நிச்சயப் பேச்சுல முதல் வாய்ப் பாலை அப்பன்தான் குடிச்சுக் கொடுக்கணும். அதுக்கு ரெண்டு வருஷமாவது நான் இருக்கணும்.”

“அப்பா, எனக்கு இன்னும் மாப்பிள்ளையே இல்ல” என்றாள் செரோதிச்.

“அதான் ரெண்டு வருஷம் கேக்குறேன். உன் வாய்க்கு ஒருத்தன் சிக்கணுமே.”

உடனே கத்தி வைக்க முடியவில்லை. உடம்பில் சதை இல்லை. மூக்கு வழியாக ஒரு குழாயை இறக்கி, அதில் கஞ்சியும் முட்டையும் பாலும் கரைத்து மூன்று வாரம் ஊற்றினார்கள். கொஞ்சம் தேறினார். ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையை டாக்டர்தான் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய வெளியே கொண்டுவந்தார்கள். நெஞ்சில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், மூக்கில் ஒன்று. தபூதானி எதைத் தொடுவது என்று தெரியாமல் அவர் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டு நர்ஸ் செப்கெமொய் எங்கள் பக்கத்துப் பெண். குடுவை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அதனால் அவளிடம் யாரும் கதைவிட முடியாது.

“அம்மா, நல்லாக் கேளுங்க. ஏழு நாளைக்கு வாய்ல ஒண்ணும் போகக் கூடாது. தண்ணி கூடாது. டீ கூடாது. பாலு கூடவே கூடாது. வயித்துக் குழாய்ல நாங்க கஞ்சி விடுறோம், அவரு பட்டினி இல்ல. எட்டாம் நாள் சாயத் தண்ணி குடிக்கவெச்சுப் படம் எடுப்போம். தையல் ஒழுகலைன்னா, நீங்க கொண்டுவர்ற குடுவையை நானே திறக்குறேன்.”

“அவரு கேட்டா?”

“கேப்பாரு. அழுவாரு. உதட்டை ஈரப் பஞ்சால தொட்டு விடுங்க, அவ்வளவுதான். போன மாசம் ஒரு வீட்டம்மா பாவம் பாத்து மூணாம் நாள் ஒரு மூடி பாலு கொடுத்துட்டு எங்கிட்ட மறைச்சுட்டாங்க. உள்ள தையல் விட்டு நெஞ்செல்லாம் சீழ். அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.”

தபூதானி கேட்கவில்லை. அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு விஷயத்தில் தான் தவறிவிட்டது அவளுக்குத் தெரியும். இந்த ஏழு நாளில் தவறமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஏழு நாள் போக வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஓலெ கசைனே என்று, மாடு மேய்க்கும் மாசாய் இனத்துக் கிழவர். இரும்புக் குழாய் வைத்துக்கொண்டவர். நாலு வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டு வார்டையே சிரிக்க வைப்பார். “என் நெஞ்சுல இரும்பு இருக்கு. இனிமே சிங்கம் என்னைக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும்” என்பார். மொசோனிக்கால் சிரிக்க முடியாது, வலிக்கும். கையை மட்டும் ஆட்டுவார்.

நாலாம் நாள் சனிக்கிழமை. மொசோனிக்கின் அண்ணன் கிப்சோய் வந்தார். நீளக் கோட்டுக்குள் வயிறு பெருத்திருந்தது. அது வயிறு இல்லை என்று தபூதானிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

கிப்சோய் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா செத்தபின் தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவர். கத்திக்குத் தப்பி வந்தவன் வாயில் முதலில் போவது பிறந்த வீட்டுப் பாலாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவனை வீடு திரும்ப ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இது எங்கள் வழக்கம். தம்பிக்கு அதைச் செய்யத்தான் அவர் மூன்று வண்டி மாறி வந்திருந்தார். குடுவையை வெளியே எடுத்து மூடியைத் திறந்தார். புகை வாசம் கட்டிலைச் சுற்றியது. மொசோனிக் கண்ணைத் திறந்தார்.

“பெரியவரே, மூடுங்க. ஏழு நாள் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு சொன்னது?”

“டாக்டரு.”

“அவன் எந்த ஊருக்காரன்? அவனுக்கு நம்ம பாலைப் பத்தி என்ன தெரியும்? நாலு நாளா எந் தம்பி வாய்ல ஒரு சொட்டு போகல. நீ முக்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்குறியா?”

“வயித்துல குழாய் வழியா கஞ்சி போகுது.”

“குழாய் வழியா குடிக்கிறதுக்கு அவன் என்ன லாரியா?”

ஓலெ கசைனே சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மொசோனிக் சிரிக்கவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. தபூதானியைத் திரும்பிப் பார்த்து, காற்றே இல்லாத குரலில் சொன்னார்.

“ஒரு வாய்.”

முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சியதில்லை. அவள் உள்ளுக்குள் உடைந்துபோனாள். ஒரு வாய்தானே என்று அவளுக்கே தோன்றியது. நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் இருந்தாள், கூப்பிட்டால் வர நேரமாகும். கிப்சோய் மூடியில் பாலைச் சாய்த்துத் தம்பியின் வாய்க்குக் கொண்டுபோனார். தபூதானி எழுந்து அவர் கையைப் பிடித்தாள். மூத்தாரின் கையைப் பிடிக்கிற பெண் எங்கள் மேட்டில் கிடையாது. அவர் அதிர்ந்து நின்ற நேரத்தில் மூடியை வாங்கினாள். குடுவையையும் வாங்கினாள். ஒருவனுக்கென்று திறந்த பாலைக் கீழே கொட்டக் கூடாது, திருப்பிக்கொண்டு போகவும் கூடாது. அவன் வீடு அதைக் குடிக்க வேண்டும். அவன் வீடு என்றால் அவன் பெண்டாட்டி. அவள் நின்றபடியே குடுவையைக் கவிழ்த்து, பாதி தாடையில் வழிய, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கரி அதிகம். அந்த நேரத்திலும் அவள் நாக்கு அதைக் கவனித்தது. அதற்காக அவள் தன்னைப் பிறகு பலமுறை திட்டிக்கொண்டாள்.

கிப்சோய் வெறும் குடுவையை வாங்கிக் கோட்டுக்குள் வைத்தார். 

“சாகக் கிடக்குற புருஷன் முன்னாடி அவன் பாலைக் குடிச்சவ நீ. எந் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவன் தாகத்தோட போனான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.”

போய்விட்டார். மொசோனிக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓலெ கசைனே மெதுவாகச் சொன்னார்: “ஏம்மா, எனக்காவது ஒரு வாய் கொடுத்திருக்கலாமே. எனக்குத் தடை இல்லியே.” தபூதானி முந்தானைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவள் பஞ்சை நனைத்து உதட்டைத் தொட்டபோது மொசோனிக் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நல்லா இருந்துச்சா?”

“எது?”

“பாலு.”

“கரி அதிகம்.”

அவர் முகம் சுருங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “அண்ணி கையி எப்பவும் அப்படித்தான்” என்றார். பிறகு, “உன் பாலு மாதிரி வராது” என்றார். முப்பது வருஷம் காத்திருந்த வார்த்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது.

ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. நெஞ்சுக் குழாயில் கலங்கல் வந்தது. ஓடி வந்தார்கள், மறுபடி உள்ளே கொண்டுபோய்த் திறந்தார்கள், கழுவினார்கள், புதுக் குழாய்கள் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை நடுப்பகலில், செரோதிச் ஒரு கையையும் தபூதானி ஒரு கையையும் பிடித்திருக்க, மொசோனிக் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் வஞ்சாலா அவளைத் தன் அறையில் உட்கார வைத்தார். அவரும் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

“நான் ஒரு சொட்டுகூடக் கொடுக்கல டாக்டர்.”

“தெரியும்மா.”

“அப்ப ஏன் ஒழுகிச்சு?”

“சில தையல் பிடிக்கறதில்ல. தச்ச இடத்தை உடம்புதான் ஒட்ட வைக்கணும். அதுக்கு உடம்புல சத்து வேணும். அவர் வந்தப்பவே எல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு. மூணு வாரத்துல நாங்க ஏத்தினது போதல. ஒரு நாலு மாசம் முன்னாடி...” அவர் நிறுத்திக்கொண்டார்.

“களி நின்னப்பவே வந்திருந்தா.”

“அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா.”

நல்ல மனுஷர், ஆறுதலுக்குச் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

புதைக்கும்போது கிப்சோய் சொன்னபடியே எல்லோர் முன்னும் சொன்னார்: “எந் தம்பி தாகத்தோட போனான்.” அன்று சாயங்காலத்துக்குள் பட்டப்பெயர் மேட்டைத் தாண்டிப் பக்கத்து மேட்டுக்கும் போய்விட்டது. நாக்கில் நரம்பில்லாமல் என்னென்னவோ பேசினோம்.  நாங்கள் சொன்னது அவளைச் சுடவில்லை. சர்ச் வாசலில் அவளே சொன்னதுதான் சுட்டது. குடுவைகளைக் கழுவி, சுவர் ஆணியில் தலைகீழாக மாட்டினாள். அவளுடைய பசுவின் பால் எல்லாம் டீயிலும் பால் டிப்போவிலும் போனது. யாரும் குடுவை கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் அவள் கொடுத்திருக்கமாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து செரோதிச்சுக்கு ஒருவன் சிக்கினான். பக்கத்து மேட்டுப் பையன், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குணம். நிச்சயப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். அப்பா இடத்தில் பெரியப்பா கிப்சோய்தான் உட்கார வேண்டும். பால் யார் வீட்டிலிருந்து என்று பேச்சு வந்தபோது கிப்சோயின் பெண்டாட்டி தொண்டையைக் கனைத்தாள். செரோதிச் பளிச்சென்று சொல்லிவிட்டாள்.

“எங்க அம்மா குடுவை இல்லாம எனக்குப் பேச்சே வேணாம்.”

தபூதானி ஆணியிலிருந்து ஒரு குடுவையை எடுத்து, கங்கு தேய்த்தாள். கை மறக்கவில்லை.

பையன் வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். முறைப்படி முதலில் சாப்பாடு. பிறகு பெண்ணுக்காகப் பையன் வீட்டார் கொடுக்க வேண்டிய மாடுகளைப் பற்றிய பேச்சு. எல்லாம் ஒத்துவந்தால் கடைசியில் பால். பெண் வீட்டுப் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு அதே கோப்பையைப் பையன் வீட்டாரிடம் கொடுப்பார். அதோடு பெண் அவர்களுடையவள். நீட்டிய பாலைப் பாதியில் திரும்ப வாங்கினால் பெண் இல்லை என்று அர்த்தம்.

தபூதானி களியும் கறியும் கீரையும் பரிமாறிக்கொண்டு வந்தாள். கிப்சோய் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் தன் கறியைப் பக்கத்தில் இருந்த பையனின் மாமாவின் தட்டில் தள்ளினார். “விருந்தாளி நீங்க சாப்பிடுங்க” என்றார். நல்ல மரியாதை என்று எல்லோரும் நினைத்தோம். களியைச் சின்னதாகக் கிள்ளி, கீரைச் சாற்றில் ஊறவைத்தார். அப்புறம் தலையைத் தூக்கித் தபூதானியைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“தபூதானி, பாலைக் கொஞ்சம் முன்னாடியே எடேன். உன் கைப்பாலைக் குடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இந்த மேட்டுல அதுக்கு ஈடு எங்க இருக்கு?”

வீடே நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது. பழைய கோபம் தீர்ந்தது, பெரியவர் வாயாலேயே தீர்ந்தது. யாரோ ஒருத்தி “குடுவைக்காரி!” என்று குலவையிட்டாள். தபூதானிக்குக் கண் நிறைந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்! உள்ளே ஓடிக் குடுவையை எடுத்து வந்தாள். கோப்பையில் ஊற்றி, குனிந்து அவர் கையில் கொடுத்தாள்.

குனிந்தபோது அவர் கோட்டு விலகியிருந்தது. பெல்ட் தெரிந்தது. வரிசையாகப் போட்ட ஓட்டைகளுக்கு அப்பால், கோணலாக, ஆணியால் குத்திய ஒரு ஓட்டை.

கோப்பை அவர் உதட்டுக்குப் போகுமுன் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா!” என்றாள் செரோதிச். பையனின் மாமா தன் தட்டைக் கீழே வைத்தார். “என்ன இது? எங்களைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்துறீங்களா?” என்று எழுந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பையன் சுவரில் சாய்ந்து நின்று செரோதிச்சைப் பார்த்தான். கிப்சோயின் முகம் கறுத்தது.

“மறுபடியுமாடீ?”

“மறுபடியும்தான் பெரியவரே.” அவள் பெரிய தட்டிலிருந்து களியை உருட்டினாள். முஷ்டி அளவுக்கு, மொசோனிக் உருட்டுவதுபோல. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இதைச் சாப்பிடுங்க. கீரை வேணாம், பாலும் வேணாம். சாப்பிட்டுட்டீங்கன்னா இந்தக் கோப்பையை உங்க கால்ல வெச்சு மன்னிப்புக் கேக்குறேன். எம் பொண்ணு கல்யாணம் நின்னாலும் சரி.”

ஒரு பெண் வைத்த பந்தயத்தில் எங்கள் ஆம்பிளை பின்வாங்கமாட்டான். கிப்சோய் அவளை முறைத்துக்கொண்டே உருண்டையில் பாதியைக் கடித்தார். மென்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு அவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை மெதுவாக நெஞ்சுக்கு நடுவில் போனது. கண்ணில் நீர் திரண்டது. முறைப்பு போய், அந்தக் கண்ணில் பயம் மட்டும் இருந்தது. தபூதானி கை கழுவும் கிண்ணத்தை அவர் வாய்க்குக் கீழே பிடித்தாள். களி வந்த வழியே வந்தது.

 எழுந்து நின்ற பையனின் மாமா மெதுவாக உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா பெரியவரே?”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “மழை ஆரம்பிச்சதுல இருந்து. ஆறு வாரம் இருக்கும்.” பிறகு சின்னப் பிள்ளை போல, “யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்” என்றார்.

“எனக்கு அன்னிக்கு நாலு மாசம் ஆச்சு கண்டுபிடிக்க.”  “திங்கக்கிழமை முதல் வண்டி. நானும் வரேன்.”

“அறுப்பாங்களா?”

“தெரியல.”

“பிழைப்பனா?”

“தெரியல பெரியவரே. யாருக்கும் தெரியாது.”

அவர் அவள் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். கேட்கவில்லை.  தபூதானி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

“இப்ப குடிங்க. மெதுவா. அறுத்தப்புறம் ஒரு சொட்டு கிடைக்காது. பக்கத்துல முக்காலி போட்டு நான்தான் உக்காந்திருப்பேன்.”

கிப்சோய் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். அது இறங்க நேரம் எடுத்தது. இறங்கியபின் கோப்பையைப் பையனின் மாமாவிடம் கொடுத்தார். மாட்டுப் பேச்சுக்குக் காத்திராமல் அவர் அதை வாங்கிக் குடித்தார்.